எட்டுத் தூணும் ஒரு மகஜரும்

போன திங்கட்கிழமை காலையில் ஒரு மனிதர் என் வீட்டு வாசலுக்கு வந்து, என்னைத் தூணை நக்கச் சொன்னார்.

முழுத் தூண் இல்லை... ஒரு துண்டுதான். ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே என்று நான் தலைப்பாகையைத் தேடிக்கொண்டிருந்தேன். கதவருகே சவரிமுத்து மேஸ்திரி நின்றார். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். கொத்து வேலையிலேயே தலை நரைத்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மட்டும்தான் அவரைச் சுண்ணாம்புக் கறை இல்லாமல் பார்க்கலாம். கையில் ஒரு காகிதப் பொட்டலம் வைத்திருந்தார். பிரித்தார். உள்ளே பாக்கு அளவில் ஒரு காரைக் கட்டி.

"நாக்குல வச்சுப் பாரு சார்."

"எதுக்கு மேஸ்திரி?"

"சும்மா வச்சுப் பாரு சார். கலீஜ்லாம் இல்ல. சுத்தமாத்தான் கீது."

வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இப்போது யோசித்தாலும் விளங்கவில்லை. ஒருவர் அவ்வளவு கவலையோடு ஒன்றை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது. உப்பு. ஊறுகாய் ஜாடிக்குள் விரலை விட்டு எடுத்துச் சப்பியதுபோல உப்பு.

"கரிக்குதா?"

"கரிக்குது."

"அத்த எழுதிக் குடு சார். வியாழக்கெழம விசாரண. தூணு வுழுந்தது உப்பால, என் கையால இல்லன்னு நீதான் எழுதிக் குடுக்கணும்."

எந்தத் தூண்? ராயபுரத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதுரையிலும் திருச்சியிலும் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். காசிமேட்டுக்குப் போகிற சாலையில் மீன் விற்கிற பெண்களுக்காகப் போன வருஷம் ஒரு கொட்டகை கட்டினார்கள். எட்டுச் செங்கல் தூண், மேலே மரச் சட்டம், அதற்கு மேல் ஓடு. அதுவரை அந்தப் பெண்கள் வெயிலில் கோணியை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டிய இலாகாவின் பெயரை எழுதமாட்டேன். எழுதினாலும் எங்கள் பத்திரிகை ஆசிரியரின் சிவப்புப் பென்சில் சும்மா இருக்காது. திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். பிரசங்கங்கள் நடந்தன, சோடா கொடுத்தார்கள், குடித்தேன்.

அந்தக் கொட்டகைதான் மூன்று வாரத்துக்கு முன்னால் பெய்த மழையில், காலை ஒன்பது மணிக்கு, கூட்டமான நேரத்தில் கீழே வந்தது. தூண் முதலில் பொருக்குப் பொருக்காகப் பொரிந்து கொட்டியதாம். சத்தம் கேட்டவர்கள் ஓடினார்கள். மீன் விற்கிற ஞானம்மாள் மட்டும் ஓடவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று குனிந்தாள். ஓடும் சட்டமும் அவள் வலது கைமேல் விழுந்தன. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. மீன் அரிகிற கை அது.

இலாகா விசாரணை வைத்தது. நியாயம்தானே? இவ்வளவு நடந்த பிறகு யாராவது ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டாமா? மேலே பார்த்தார்கள், பக்கத்தில் பார்த்தார்கள், கடைசியில் கொத்துக்கரண்டி பிடித்தவரைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை குற்றம் சவரிமுத்துவின் பேரில் என்று முடிவானால், அவர் பெயரைத் தள்ளுபடிப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் எந்தப் பொது வேலையிலும், எந்தக் கண்ட்ராக்டரிடமும் அவர் செங்கல்லைத் தொட முடியாது. இந்த வயதில் அவர் வேறு என்ன வேலைக்குப் போவார்?

ஆனாலும் ஒரு சந்தேகம்.

"கட்டும்போதே மணலை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லையா மேஸ்திரி?"

"பாக்காம? தெனம் பாப்பேன் சார். மண்ணு வந்தா மொதல்ல நாக்குலதான் வைப்பேன். மொத லோடுங்க நல்லா இருந்துச்சு. அப்பால வந்ததுல கரிச்சுது. ஓவர்சியராண்ட சொன்னேன், உப்பு கீது சார்னு. கழுவின மண்ணுய்யா, உப்பு எப்படி இருக்கும்னாரு. புக்குல வேற எழுதி வச்சுக் கீறாரு."

"அப்புறம்?"

மேஸ்திரி பொட்டலத்தை மடித்தார், பிரித்தார்.

"எனக்கே டவுட்டாப் பூட்ச்சு சார். காலைல கஞ்சிக்குக் கருவாடு தொட்டுக்கினு வந்திருந்தேன். உப்பு மண்ணுல கீதா, என் நாக்குல கீதான்னு தெர்ல."

வாசகர்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. எங்கள் ராயபுரத்தில் எதுதான் உப்பு இல்லை? கதவுக் கீல் உப்பு, காயப்போட்ட வேஷ்டி உப்பு, காற்று உப்பு. இதற்கு நடுவில் ஒரு மனிதன் தன் நாக்கை எப்படி நம்புவான்? நாக்கை விட்டு நோட்டுப் புத்தகத்தை நம்பினார். நாமும் பல சமயம் அப்படித்தான் செய்கிறோம்.

மகஜர் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் என்ன எழுதுவது? உப்பு இருக்கிறது, சரி. எப்படி வந்தது? அன்று சாயங்காலமே, கொட்டகை வேலையை மேற்பார்த்த ஓவர்சியரைப் பார்க்கப் போனேன்.

நல்ல மனிதர். கும்பகோணத்துப் பக்கம். எனக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். கேட்காமலே புத்தகத்தையும் எடுத்துக் காட்டினார். அதில் ஒவ்வொரு தேதிக்கும் நேரே அச்சடித்த கேள்வி: மணல் கழுவப்பட்டதா? பக்கத்தில் அவர் கையெழுத்தில்: ஆம். பக்கம் பக்கமாக ஆம், ஆம், ஆம். எந்தத் தேதியில் எந்தத் தூண் என்பதுகூட அதில் இருந்தது.

"ஒருநாள்கூட விட்டதில்லை சார்," என்றார். "கழுவாத மண் ஒரு கூடைகூட உள்ளே வரவில்லை. அந்தக் கிழவர் மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனா மண்ணும் சரி, சுண்ணாம்பும் சரின்னா பாக்கி என்ன இருக்கு? கைதானே?"

காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் யோசித்தால், மேஸ்திரி சொல்வதும் உண்மை, ஓவர்சியர் சொல்வதும் உண்மை. கழுவினதும் உண்மை, கரிக்கிறதும் உண்மை. இரண்டு உண்மையையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மணலைக் கழுவினவரைப் பிடித்தேன். துலுக்காணம். கொட்டகைக் கண்ட்ராக்டருக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறவர். மணல் அள்ளி, கழுவி, கொண்டுவந்து கொட்டியவர் அவர்தான். செவ்வாய்க்கிழமை காலையில் வண்டிப்பேட்டையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"கொட்டகை மணல் கழுவினது நீதானே துலுக்காணம்?"

"நானேதான் நைனா. இன்னாத்துக்கு கேக்கற?"

"நன்றாகக் கழுவினாயா?"

"இன்னா நைனா அப்டி கேட்டுட்ட. ஒவ்வொரு லோடும் மூணு தபா கழுவினேன். சிப்பி, பாசி, நண்டுக்குஞ்சு... ஒண்ணு இருக்காது. சக்கர மாதிரி கீதுன்னு கண்ட்ராக்டரே சொன்னாரு. நின்னு நின்னு கால்ல புண்ணு வந்துச்சு."

"எங்கே நின்று?"

"எங்க நிப்பாங்க? மண்ணு எங்க கீதோ அங்கதான். கடல்ல."

கடற்கரை மணல். அதில் இருக்கிற உப்புப் போகத்தான் கழுவச் சொல்கிறார்கள். அதைக் கடல் தண்ணீரிலேயே மூன்று தடவை கழுவியிருக்கிறார். பொய் இல்லை, திருட்டு இல்லை, சோம்பேறித்தனம்கூட இல்லை. கழுவச் சொன்னார்கள், கழுவினார்.

"கடல் தண்ணியில் கழுவினால் உப்பு எப்படியப்பா போகும்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

துலுக்காணம் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியாதா நைனா? மொதல்ல நல்ல தண்ணிலதான கழுவினேன். உங்க தெருக் கொழாய்ல. ஒரு வாரம். அப்பால நீதான மகஜர் எழுதி நிறுத்தின? கொழாயாண்ட போனா கேஸுன்னு கண்ட்ராக்டர் சொல்ட்டாரு. மண்ணு கழுவியும் ஆவணும், கொழாயாண்டயும் போக்கூடாது. பின்ன நான் எங்க போவேன்?"

ஆபீஸ் போகிறேன் என்று சொல்லிவிட்டு எதிர்த் திசையில் கொஞ்ச தூரம் நடந்தேன்... ட்ராம் இருக்கிற திசை அது இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

என் பழைய வாசகர்களுக்கு அந்த மகஜர் ஞாபகம் இருக்கலாம். இந்தப் பத்தியிலேயே அதைப்பற்றிப் பெருமையடித்துக்கொண்டேன். போன வருஷம் கோடையில் எங்கள் தெருக் குழாயில் காலையில் ஒன்றரை மணி நேரம்தான் தண்ணீர் வந்தது. அந்த ஒன்றரை மணியிலும் துலுக்காணத்தின் வண்டி வந்து நின்று, பீப்பாய் பீப்பாயாகப் பிடித்துக்கொண்டு போனது. பெண்கள் சண்டை போட்டார்கள். என் வீட்டுக்காரி முன்னால் நின்றாள். கடைசியில் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். நீங்கதான் பத்திரிகையில் எழுதுகிறவராச்சே?

எழுதினேன். "குடிமக்கள் தாகத்தால் வாடும்போது மணலுக்கு ஸ்நானம் எதற்கு?" என்று ஒரு வரி எழுதி, நானே இரண்டு தடவை வாசித்துச் சந்தோஷப்பட்டேன். கீழே நாற்பது கைரேகை. தெருவிளக்குக்கு எழுதியிருக்கிறேன், சாக்கடைக்கு எழுதியிருக்கிறேன், வெறிநாய்க்கு எழுதியிருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இது ஒன்றுக்குத்தான் மூன்றே நாளில் உத்தரவு வந்தது: தெருக் குழாய் நீரை மணல் கழுவ உபயோகிக்கக் கூடாது. அவ்வளவுதான். வேறு எந்த நீரை உபயோகிக்கலாம் என்று அதில் இல்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு மாலை போட்டார்கள்!

புதன்கிழமை மத்தியானம் ஆபீசில் தலைவலி என்று சொல்லிவிட்டு, மேஸ்திரியை அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஆறு தூண் இருந்த இடத்தில் செங்கல் குவியல். மேற்கு ஓரத்தில் மட்டும் இரண்டு தூண்கள் தலையில் ஒன்றும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன.

"இந்த இரண்டும் யார் கட்டியது?"

"இன்னா சார் கேள்வி. எட்டும் நான்தான் கட்னேன்."

மேஸ்திரி அதன் மூலையைச் சுரண்டினார். நகம்தான் தேய்ந்தது. ஆணியால் கொஞ்சம் பெயர்த்து என்னிடம் நீட்டினார். இந்தத் தடவை காரணம் கேட்காமல் நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பு ருசி. உப்பு இல்லை.

"இதைக் கட்டினது எப்போது?"

"மொத வாரம் சார். உங்க வூட்டம்மா கொழாயாண்ட சண்ட போட்டாங்களே, அதுக்கு முந்தி."

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அந்த இரண்டு தூணும் மேஸ்திரிக்கு எதிரான சாட்சி. அதே மணல், அதே சுண்ணாம்பு, புத்தகத்தில் அதே 'ஆம்'. இரண்டு நிற்கிறது, ஆறு விழுந்தது என்றால் விசாரணைக்காரர் என்ன நினைப்பார்? முதலில் ஒழுங்காகக் கட்டிவிட்டு, பிறகு கை அசந்துவிட்டது என்றுதான் நினைப்பார். அப்படி இல்லை, நடுவில் தண்ணீர் மாறியது என்று காட்ட என்னிடம் ஒரே ஒரு காகிதம்தான் உண்டு. தேதி போட்ட காகிதம். என் மகஜர். அதன் நகல் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

அதைக் காட்டினால் மேஸ்திரி தப்பிப்பார். ஆனால் ஞானம்மாளின் கை முறிந்ததில் என் பங்கு என்ன என்று கேள்வி வரும். காட்டாவிட்டால் என்னை யாரும் கேட்கப்போவதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — அன்று சாயங்காலம் முழுவதும், காட்டாமலே ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்தேன்.

வீட்டில் சொன்னேன். சட்டியில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினாள்.

"அப்போ குடிக்கத் தண்ணி கேட்டது குத்தமா?"

"குற்றம் என்று நான் சொல்லவில்லை."

"பின்ன எதுக்கு மூஞ்சியை அப்படி வச்சிருக்கீங்க? அந்தத் தண்ணியை மண்ணுக்கு விட்டுட்டு நாப்பது வீடு என்னத்தைக் குடிக்கிறது? இன்னிக்கு மறுபடி வண்டி வந்தாலும் நான் மறிக்கத்தான் செய்வேன்."

அவள் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அதுதான் பெரிய பேஜாரு. யாரை விசாரித்தாலும் அவர்கள் பக்கம் சரியாக இருக்கிறது. எல்லோரும் சரியாக இருந்து, ஒரு கூரை எப்படி விழும்? படுக்கிறவரை இதற்கு விடை கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து சொன்னாள்: "நகலை எடுத்துட்டுப் போங்க. அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினாரு?"

வியாழக்கிழமை இலாகா ஆபீஸ் தாழ்வாரத்தில் விசாரணை நடந்தது. ஒரு மேஜை, நாலு நாற்காலி, மற்றவர்கள் நின்றோம். விசாரணைக்கு வந்த ஆபீசர் சாந்தமானவர். மூக்குக் கண்ணாடியை அடிக்கடி துடைத்துக்கொண்டார். கண்ட்ராக்டர் வந்திருந்தார். ஓவர்சியர் புத்தகத்தோடு வந்திருந்தார். ஞானம்மாள் கையில் மட்டை கட்டித் தொங்கவிட்டபடி சுவரோரம் நின்றாள்.

"இந்தத் தூண்களைக் கட்டியது யார்?" இதுதான் முதல் கேள்வி.

கண்ட்ராக்டர் ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் புத்தகத்தைப் பார்த்தார். மேஸ்திரிக்கு நான் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன்: அவசரப்பட்டு வாயைத் திறக்காதீர்கள், கேட்டதற்கு மட்டும் பதில், மகஜர் பேசட்டும். கேட்டாரா?

"நான்தான் கட்னேன் சார். எட்டும்."

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஆபீசர் எழுதிக்கொண்டார். எனக்குக் கோபமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

பிறகு ஞானம்மாளைக் கேட்டார்: "நீங்கள் யார்மேல் குறை சொல்கிறீர்கள் அம்மா?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? கூர வுழுந்துச்சு, கை பூட்ச்சு. ஆரால வுழுந்துச்சுன்னு படிச்சவங்க நீங்க சொல்லுங்க. நானும் அத்தத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. முன்னால் போய் நகலை மேஜைமேல் வைத்தேன். தண்ணீரை நிறுத்தச் சொல்லி எழுதியவன் நான், நிறுத்திய பிறகு மணல் கடலில் கழுவப்பட்டது, நிற்கிற இரண்டு தூணும் அதற்கு முந்தியவை, ஓவர்சியர் புத்தகத்தில் தூண்களின் தேதி இருக்கிறது, ஒத்துப் பாருங்கள் என்றேன்.

ஆபீசர் மகஜரை நிதானமாகப் படித்தார். ஸ்நானம் வருகிற வரிக்கு வந்ததும் லேசாகச் சிரித்தார். கீழே இருந்த கைரேகைகளின் பெயர்களையும் படித்தார். ஏழாவது பெயர் ஞானம்மாள். நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

"இது நீங்களா அம்மா?"

"நானேதான். ஏன் சார், புள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணி வேணாமா?"

"வேண்டும்," என்றார் ஆபீசர்.

ஓவர்சியரைக் கேட்டார், கடல் நீர் என்று தெரியாதா என்று. கழுவியாகிவிட்டதா என்றுதான் ஃபாரம் கேட்கிறது, எந்தத் தண்ணீர் என்று கேட்கவில்லை என்றார் ஓவர்சியர். தலை குனிந்திருந்தது. கண்ட்ராக்டர் குழாய் உத்தரவை எடுத்துக் காட்டினார். துலுக்காணம் காலில் இருந்த தழும்பைக் காட்டினார். சுவருக்குச் சுவர் பந்து அடிப்பதைப் பார்க்கிறதுபோல என் தலை இங்கும் அங்கும் திரும்பிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீர்ப்பு வந்தது. சவரிமுத்து மேஸ்திரியின் வேலையில் குறை இல்லை. மகஜர் நியாயமானது. உத்தரவு நியாயமானது. மணல் விதிப்படி கழுவப்பட்டது. எந்தத் தனி மனிதர் பேரிலும் குற்றம் காணப்படவில்லை.

மேஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். பக்கத்தில் ஞானம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். வாசித்து முடித்த குமாஸ்தாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப ஆருமே இல்லியா சார்?"

குமாஸ்தா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலும் ஒன்றும் இல்லை. அவள் மட்டை கட்டிய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் அவள் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. போய் என்ன சொல்வது?

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் ஏதாவது தத்துவம் சொல்லி முடித்திருப்பேன். முடியவில்லை. தீர்ப்போடு இன்னொரு தாளும் வந்திருந்தது. ஆறு தூண் விழுந்த இடத்தில் மீதி இரண்டும் நிற்பது பொதுஜனங்களுக்கு அபாயம், ஆகையால் உடனே இடித்துத் தள்ள வேண்டும் என்று உத்தரவு. வேலையை யாரிடம் கொடுத்தார்கள்? பேரில் குறை இல்லை என்று ஆகிவிட்டதே... சவரிமுத்துவிடம்தான்.

நேற்று சனிக்கிழமை. அரை நாள் ஆபீஸ் முடிந்து நேரே அங்கே போனேன். மேஸ்திரி கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார். கடப்பாரை தெறித்துத் தெறித்து வந்தது. காலையிலிருந்து குத்தி, ஒரு தூணில் இடுப்பளவுகூடக் குறையவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டார். மூச்சு வாங்கியது.

"நாளாவும் சார்," என்றார். "நல்லா கட்டிக் கீறேன்."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால்தான் பார்க்க முடியவில்லை. நல்ல தூணை ஏனய்யா இடிக்கிறீர்கள் என்று ஓவர்சியரிடம் கேட்டேன். அவருக்கும் மனசில்லை. "உத்தரவு சார்," என்றார். நிழலில் பெட்டிமேல் உட்கார்ந்து வேலைப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர், அதை என் பக்கம் திருப்பினார்.

படித்தேன். தூண்கள் ஆறு — விழுந்தன. கூரை — சரிந்தது. ஒரு பெண்ணின் கை — முறிந்தது. மணல் — கழுவப்பட்டது. குழாய் நீர் — நிறுத்தப்பட்டது. எல்லாம் தாமே எழுந்து, தாமே நடந்து, தாமே நடத்திக்கொண்ட மாதிரி. ஆளே இல்லாத ஊரில் நடந்த விஷயங்கள்போல இருந்தது. நம் தமிழில் இப்படி எழுத எவ்வளவு வசதி இருக்கிறது என்று நேற்றுத்தான் தெரிந்தது.

கடைசி வரியில் மட்டும் மை ஈரமாக இருந்தது. தூண்கள் இரண்டு — இடித்தவர், சவரிமுத்து மேஸ்திரி.

அந்தப் பக்கம் முழுவதிலும் மனிதப் பெயர் அது ஒன்றுதான்.

கைரேகை வைக்க மேஸ்திரியைக் கூப்பிட்டார் ஓவர்சியர். மேஸ்திரி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கட்டைவிரலை மையில் ஒற்றிக்கொண்டே கேட்டார்: "இன்னா சார் எழுதிக் கீது?"

வாசித்தேன். ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். அவர் விரலைக் காகிதத்தில் வைக்கவில்லை. தூணைத் திரும்பிப் பார்த்தார்.

"இடிச்சது நான்னு கீது. சரி. அந்த ரெண்டையும் கட்னது ஆருன்னு எழுதலியா சார்?"

எழுதவில்லை என்றேன். ஓவர்சியர் புத்தகத்தைப் பார்த்தபடியே இருந்தார். மேஸ்திரி விரலை வைத்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு தூணிடம் திரும்பிப் போனார்.

அந்தப் புத்தகத்தில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை. எனக்கென்று வாரத்துக்கு ஒரு பக்கம் இந்தப் பத்திரிகையில்தான் இருக்கிறது. யார் குற்றம் என்று இன்னமும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. தெரிந்த வரைக்கும் எழுதிவிடுகிறேன், ஞானம்மாளுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும்.

கட்டியவர், சவரிமுத்து. தண்ணீரை நிறுத்தியவன், நான்.